கேள்வி–பதில்: ஓமஹா போக்கரில் எந்தக் கையோடு இறங்குவது?

கேள்வி: கையில் இரண்டு சீட்டு வரும் ஹோல்டம் போக்கர் ஆடிப் பழகியவன் நான். பாட் லிமிட் ஓமஹாவுக்கு (பந்தயம் பாட்டை, அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் பணத்தை, மீறக்கூடாத ஆட்டம்) மாறியதும் வருகிற கையெல்லாம் நல்ல கையாகவே தெரிகிறது. எதை வைத்துத் தரம் பிரிப்பது?

பதில்: அப்படித் தெரிவதில்தான் ஆபத்து. சீட்டு நான்கு வந்தாலும் கணக்கில் சேர்வது கையிலிருந்து இரண்டு, போர்டிலிருந்து (எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரிக்கும் சீட்டுகள்) மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால் கையை நான்கு சீட்டாகப் பார்க்காமல் ஆறு இணையாகப் பிரித்துப் பாருங்கள்.

கிங், குயின், ஜாக், 3 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிங்-குயின், கிங்-ஜாக், குயின்-ஜாக் மூன்றும் உருப்படி. கிங்-3, குயின்-3, ஜாக்-3 மூன்றும் வெறும் சுமை. ஒரே ஒரு சீட்டு ஒட்டாமல் தொங்கியதில் பாதிக் கை போயிற்று. ஜாக்-10-9-8 வந்தால் ஆறு இணையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

இந்த ஆறு இணை எதிரிலிருக்கும் ஒவ்வொருவரிடமும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். ஐந்து பேர் எதிரே இருந்தால் 30 இணை. ஹோல்டத்தில் பெரிதாகத் தோன்றும் இரண்டு ஜோடி இங்கே பெரும்பாலும் காசு கட்டிவிட்டுத் தோற்கிற கைதான்.

கேள்வி: போர்டில் நான்கு ஸ்பேட், என்னிடம் ஸ்பேட் ஏஸ். ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சரியா? கையில் மூன்று ஹார்ட் வந்தால் அது நல்லதுதானே?

பதில்: சரிதான். கையில் இரண்டு ஸ்பேட் இல்லாமல் ஸ்பேட் ஃபிளஷ் கிடையாது. ஹோல்டத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது.

மூன்று ஹார்ட் நல்லதல்ல. மூன்றாவது ஹார்ட்டைப் பயன்படுத்தவும் முடியாது, போர்டில் விழவேண்டிய ஒரு ஹார்ட்டையும் நீங்களே பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஃப்ளாப்பில் (போர்டில் முதலில் விழும் மூன்று சீட்டு) உங்கள் சின்னத்தில் சரியாக இரண்டு விழும் வாய்ப்பு, கையில் அந்தச் சின்னம் இரண்டு இருந்தால் 11.8 சதவீதம், மூன்று இருந்தால் 9.9, நான்கும் அதே சின்னமானால் 8.1. இரண்டு ஸ்பேட், இரண்டு ஹார்ட் என்று இரட்டைச் சின்னமாக வந்தால் 23.5 சதவீதம். அழகுக்கு நான்கு ஹார்ட், ஆட்டத்துக்கு இரண்டும் இரண்டும்.

சின்னத்தின் தலையில் ஏஸ் இருந்தால்தான் முழு மதிப்பு. 8-5 ஹார்ட்டில் ஃபிளஷ் அடித்தாலும் பெரிய பந்தயம் வரும்போது எதிரில் பெரிய ஃபிளஷ் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: இரண்டு ஏஸ் வந்தாலே பாட் அளவுக்கு ரெய்ஸ் செய்கிறேன் (பந்தயத்தை ஏற்றுகிறேன்). ஃப்ளாப்புக்குப் பிறகு தடுமாறுகிறேன். எங்கே தவறு?

பதில்: குறைந்தது இரண்டு ஏஸ் இருக்கும் கை சுமார் 39 கைக்கு ஒரு முறை வரும்; நீங்கள் நினைப்பதுபோல் அபூர்வமில்லை. கூட வருவது என்ன என்பதுதான் கேள்வி. ஏஸ்-ஏஸ்-கிங்-கிங் இரட்டைச் சின்னத்தில், அல்லது ஏஸ்-ஏஸ்-ஜாக்-10 இரட்டைச் சின்னத்தில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாம். நான்கும் வெவ்வேறு சின்னமாக ஏஸ்-ஏஸ்-7-2 என்றால் அது வறண்ட கை. இரட்டைச் சின்ன ஜாக்-10-9-8-க்கு எதிரே அது ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான்.

பந்தய வரம்பு இன்னொரு சிக்கல். பிளைண்ட் (சீட்டு வருமுன்பே இருவர் கட்டும் கட்டாயப் பந்தயம்) 1-2, உங்களிடம் 200 சில்லு. முதலில் ரெய்ஸ் செய்கிறவர் அதிகபட்சம் 7 வரைதான் போகலாம்: கால் செய்ய (முன்னவர் கட்டியதற்குச் சமமாகக் கட்ட) 2, அப்போது பாட் 5 ஆகும், அதன் மேல் இன்னொரு 5. பிக் பிளைண்ட் (2 கட்டியவர்) மட்டும் கால் செய்தால் பாட் 15, உங்கள் முன்னே இன்னும் 193. ஏஸ் இருப்பதையும் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டீர்கள், மீதி ஆட்டமும் முழுசாகக் கிடக்கிறது. ஃப்ளாப்புக்கு முன்பே உங்கள் சில்லில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகும் நிலையிருந்தால் வறண்ட ஏஸை ஏற்றுங்கள். இல்லையென்றால் பாட்டைச் சின்னதாக வைத்துக்கொண்டு, ஃப்ளாப் உதவாவிட்டால் ஃபோல்டு செய்யுங்கள் (கையை எறிந்துவிடுங்கள்).

கேள்வி: 7-6-5-4 போல நான்கும் வரிசையாக வந்தால் பெரிய கைதானே?

பதில்: நடுத்தரம். வரிசை மட்டும் போதாது, வரிசையின் உயரமும் வேண்டும். ஃப்ளாப் 9-8-2, மூன்றும் வெவ்வேறு சின்னம் என்று வைத்துப் பாருங்கள். 7-6-5-4-க்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) தரும் சீட்டுகள்: நான்கு 10, மூன்று 7, மூன்று 6, மூன்று 5. மொத்தம் 13. இதில் நட்ஸ் (அந்தப் போர்டில் அமையக்கூடிய மிகப் பெரிய கை) ஆவது 5 விழுந்தால் மட்டுமே, அதாவது மூன்றே சீட்டு. 10 விழுந்தால் குயின்-ஜாக் வைத்திருப்பவரும் 7 விழுந்தால் ஜாக்-10 வைத்திருப்பவரும் உங்களைத் தூக்கிவிடுவார்கள்.

அதே ஃப்ளாப்பில் நடுவே இடைவெளி விட்ட ஜாக்-10-7-6-க்கு குயின், ஜாக், 10, 7, 6, 5 எது விழுந்தாலும் ஸ்ட்ரெய்ட். மொத்தம் 20 சீட்டு. குயின், 7, 6, 5 ஆகிய 14 சீட்டும் நட்ஸ். ரிவருக்குள் (போர்டின் கடைசிச் சீட்டு) அந்த 20-இல் ஒன்று விழும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். செட் (கையில் ஜோடி, போர்டில் அதே எண் இன்னொன்று) வைத்திருப்பவருக்கே வயிறு கலங்கும் கை இது.

இடைவெளி இருந்தே தீருமென்றால் அடியில் இருக்கட்டும். ஜாக்-10-9-7, ஜாக்-9-8-7-ஐவிட மேல்.

கேள்வி: ஒரே எண் மூன்று வந்தால்? சின்ன ஜோடிகள்?

பதில்: மூன்று 9 வந்தால் பெரும்பாலும் ஃபோல்டு. செட்டுக்கு மீதமிருப்பது ஒரே ஒரு 9. ஃப்ளாப்பில் அது விழ 6.25 சதவீதம், சாதாரண ஜோடிக்கு 12.2. நான்கும் 9 என்றால் பெருமூச்சுவிட்டு எறிந்துவிடுங்கள். 4-4, 3-3 போன்றவற்றில் செட் விழுந்தாலும் பெரிய செட்டிடம் மொத்தச் சில்லையும் இழக்கும் அபாயம் உண்டு. மற்ற இரண்டு சீட்டும் சொந்தக் காலில் நிற்காவிட்டால் தொடாதீர்கள்.

கேள்வி: மேசையில் உட்காரும் இடத்தைப் பொறுத்து கை மாறுமா?

பதில்: நன்றாகவே மாறும். முதலில் பேசவேண்டிய இடத்தில் 100 கைக்கு 15 முதல் 20 போதும். பட்டனில் (ஃப்ளாப் முதல் கடைசியாகப் பேசும் இடம்) இருந்தால் 40 வரை போகலாம். குயின்-10-9-7 இரட்டைச் சின்னம் பட்டனில் ரெய்ஸ், முதல் இடத்தில் ஃபோல்டு. ஸ்மால் பிளைண்டில் பாதிக் காசு போட்டாயிற்று என்று கால் செய்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். மிச்ச மூன்று சுற்றிலும் முதலில் பேசவேண்டியவர் நீங்கள்தான்.