இளஞ்சிவப்புப் புகை

அன்புள்ள ஐயா,

நீங்கள் முன்பு பரிந்துரைத்திருந்த, ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ஹை அண்ட் லோ’வைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஓரிடத்தில் புகை மட்டும் இளஞ்சிவப்பாக எழுகிறது. உடன் பார்த்த நண்பர் “வெறும் வித்தை” என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ‘நாடோடி மன்னன்’ நடுவில் வண்ணமாவதும் இதுவும் ஒன்றுதானா? வண்ணச்சுருள் வாங்கப் பணமில்லாததற்கு நாம்தான் பிற்பாடு கலை என்று பெயர் சூட்டுகிறோமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தின் பிற்பகுதி கேவாகலர் என்ற வண்ணச்சுருளில் எடுத்தது. அந்த வண்ணம் விருந்தின் கடைசியில் வரும் பாயசம். கொட்டகையில் விசில் பறந்திருக்கும், பறக்கட்டும்.

அதே 1958இல்தான் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீனின் ‘இவான் தி டெரிபிள்’ இரண்டாம் பாகமும் வெளிவந்தது. 1946இலேயே எடுத்து முடித்த படம். ஸ்டாலினுக்குப் பிடிக்காததால் பெட்டிக்குள் கிடந்தது. அது வெளிவந்தபோது ஐசன்ஸ்டீன் உயிருடன் இல்லை. அவருக்கும் தட்டுப்பாடுதான். ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய கொஞ்சம் அக்ஃபா வண்ணச்சுருள் கிடைத்தது. அதை ஜார் மன்னனின் குடிவிருந்துக்காக வைத்துக்கொண்டார். சிவப்பும் பொன்னும் கறுப்பும் சுழலும் அந்தக் கூத்தில், சாகப்போகும் அப்பாவியின் முகத்தில் நீலம் வந்து விழும். ஆகவே, கையில் இருந்தது கொஞ்சம் என்பதாலேயே கலை இல்லை என்றாகிவிடாது.

குரோசவா கதை வேறு. ‘ஹை அண்ட் லோ’ வந்த 1963இல் ஜப்பானில் வண்ணம் சாதாரணம். ஓவியராக ஆசைப்பட்டவர், ஆனாலும் தன் முதல் முழு வண்ணப் படத்தை 1970இல்தான் எடுத்தார். எனவே இந்தப் புகை அவர் வேண்டுமென்றே செய்தது.

அது எப்படி வருகிறது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கடத்தப்பட்ட சிறுவனை மீட்கக் கொடுக்கும் பிணைத்தொகைப் பெட்டிகளை எரித்தால் நிறப்புகை வரும்படி போலீஸ் ஒரு மருந்து கொண்டுவருகிறது. காலணி முதலாளி கோண்டோ, தொழிலாளியாக இருந்த காலத்துத் தோல் கருவிகளை எடுத்துத் தரையில் உட்கார்ந்து அதைப் பெட்டிக்குள் மறைத்துவைக்கிறார். (எனக்குப் படத்திலேயே மிகப் பிடித்த இடம் இது. அவ்வளவு நேரம் கோண்டோவாக நடிக்கும் மிஃபுனே கத்திக்கொண்டிருந்த கூடத்தில் திடீரென்று ஒரு கைவேலைக்காரர் தெரிகிறார்.) ஆக, நிறம்தான் இங்கே தடயம். சாம்பல் நிறப் படத்தில் இளஞ்சிவப்புப் புகையும் இன்னொரு சாம்பல்தான். யாராவது “அதோ, இளஞ்சிவப்பு!” என்று கத்துவதை நம்பிக்கொண்டு நாம் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். குரோசவா நம்மையும் சாட்சியாக்குகிறார்.

இன்னொன்று, அது எழும் திசை. ஜப்பானிய மொழியில் படத்தின் பெயர் ‘சொர்க்கமும் நரகமும்’. யோகோஹாமாவின் குன்றுமேல் கோண்டோவின் வீடு, கீழே புழுங்கும் நகரம். கடத்தியவன் கீழிருந்து அந்த வீட்டை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே வெறுப்பை வளர்த்தவன். மேலே இருப்பவர்களுக்கோ கீழே இருப்பது வெறும் காட்சி. அந்தக் காட்சியிலிருந்து எழுந்து அவர்கள் கண்ணில் நிலைக்கும் முதல் பொருள் இந்தப் புகை.

வித்தைக்காரர் என்றால் இதோடு நிறுத்தியிருக்க மாட்டார். பின்னால் கடத்திய அந்த இளைஞன் கோட்டில் பூவைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் திரிகிறான். அந்தப் பூவுக்கு வண்ணம் பூச எவருக்கும் கை துறுதுறுத்திருக்கும். குரோசவா தொடவே இல்லை.

நான் முதன்முதலில் பார்த்தது தேய்ந்துபோன ஒரு பிரதியில். புகையைச் சுருளில் படிந்த கறை என்றே நினைத்தேன். உங்கள் நண்பரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அடுத்த முறை அவர் வரும்போது தொலைக்காட்சியில் வண்ணத்தை அடியோடு குறைத்துவிட்டு அந்தக் காட்சியைப் போடுங்கள். ஜன்னலருகே எல்லோரும் ஏன் அப்படி உறைந்து நிற்கிறார்கள் என்று அவரே சொல்லட்டும்.