கல்யாண மண்டபத்தில் வீணை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் மகளின் வரவேற்பில் ஆசையாக வீணைக் கச்சேரி வைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக்செட்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன், பேச்சுச் சத்தமும் கூடவே ஏறியது. நம் ஆட்களுக்கு ரசனையே போய்விட்டதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மகளுக்கு வாழ்த்துகள். உங்கள் கோபத்தில் பாதியையாவது மண்டபத்தின் மேல் திருப்புங்கள்.

கிரானைட் தரை, வழவழப்பான சுவர், கண்ணாடிக் கதவு, உயரமான கூரை. கழுவிவிட வசதிதான், ஆனால் ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றுமில்லை. மீட்டிய ஸ்வரம் சுவருக்குச் சுவர் மோதித் தேய்வதற்குள் அடுத்தடுத்த ஸ்வரங்கள் அதன் மேல் வந்து விழுகின்றன. வீணையின் உயிரான கமகம்தான், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் அந்த நயம்தான், முதலில் காணாமல் போகும். சத்தத்தைக் கூட்டினால் வீணை மட்டும் கூடாது, சுவரிலிருந்து திரும்பும் குழப்பமும் அதே அளவு கூடும்.

அப்புறம் அந்தப் பேச்சு. இரைச்சலுக்கு நடுவே பேசுகிறவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார் 1911-இல் இதைப் பதிவு செய்ததால் லோம்பார்ட் விளைவு என்றே பெயர். ஒரு மேசைக்காரர் உயர்த்த, பக்கத்து மேசைக்காரர் அதற்கு மேல் உயர்த்த, கடைசியில் எல்லோரும் கத்துகிறார்கள். அவர்களில் யாரும் உங்கள் வீணையை அவமதிக்க நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தொல்லை அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலும் இருந்தது. 1895-இல் அங்கே ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. நல்லவேளை, அவர் மாணவர்களின் ரசனையைச் சோதிக்கப் போகவில்லை. ராத்திரியில் ஊர் அடங்கிய பிறகு, பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தியபின் ஓசை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்தார். வெறும் அரங்கில் ஐந்தரை நொடி! மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. மனித உடம்பும் உடுப்பும்கூட உறிஞ்சுகின்றன, அதனால்தான் காலியான மண்டபம் நிறைந்த மண்டபத்தைவிட மோசமாக முழங்குகிறது. அந்தக் கணக்கை வைத்து அவர் ஆலோசனை சொன்ன பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-இல் திறந்தது. உலகின் மிகச் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

மண்டபம் பார்க்கப் போனால் ஏசியும் பார்க்கிங்கும் விசாரிக்கிறோம். நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். ஓசை இழுத்துக்கொண்டே போனால், கனமான திரைகளும் கம்பளமும் போட முடியுமா என்று கேளுங்கள். மேடையோரம் இரண்டு பெரிய பாக்ஸை அலறவிடுவதைவிட, கூட்டத்துக்கு நடுவே சின்ன பாக்ஸ்களாகப் பரப்பி மெதுவாக வைப்பது மேல். நாதஸ்வரமும் தவிலும் வேறு கதை. வீதியுலாவுக்குப் பழகிய வாத்தியங்கள், அவற்றுக்கு மண்டபத்துக்குள் மைக் எதற்கு என்பது எனக்கு இதுவரை புரியவில்லை.

ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வீணை வைப்பதை எந்த நல்ல அரங்கிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வருஷம் கழித்துச் சந்திக்கிற சொந்தக்காரர்கள் பேசத்தான் செய்வார்கள், பேசட்டும். கச்சேரியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, கேட்க விரும்புகிறவர்களை மட்டும் சின்ன ஹாலில் மேடைக்கு நெருக்கமாக உட்கார வைத்திருக்கலாம்.