எல்லாமே முன்பே தீர்மானமாகிவிட்ட உலகத்தில் சுய விருப்பம் என்று ஒன்று இருக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட நீங்கள் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். நடு ராத்திரியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "அப்படின்னா நான் படிச்சாலும் ஒண்ணுதான், படிக்காட்டியும் ஒண்ணுதான்" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் வயது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நானும் அப்படி இருந்தவன்தான். நான் தத்துவம் படித்தவன் அல்ல. நங்கநல்லூரில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

1996இல் எழும்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி. எனக்கு 17 வயது. கடைசி ரவுண்டு, என் கையில் ஒரு பான் (சிப்பாய்) கூடுதல். ரூக்கா (யானை), நைட்டா (குதிரை) என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதே கை போய் நைட்டைப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் பார்க்கிறேன், நைட் நகர்ந்தால் பின்னால் நிற்கும் குயின் (ராணி) போய்விடும். செஸ்ஸில் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். ஆனால் விதியில் ஒரு சொல் உண்டு: வேண்டுமென்றே தொட்டால். தெரியாமல் கை பட்டால் குற்றமில்லை.

எதிரே இருந்த பையன் ஆர்பிட்டரை, அதாவது போட்டி நடுவரை, கூப்பிட்டான். அவர் வந்து குனிந்து, "தம்பி, தெரிஞ்சு தொட்டியா, தெரியாம பட்டுதா?" என்றார். பக்கத்துப் போர்டில் யாரும் பார்க்கவில்லை. "பட்டுடுச்சு சார்" என்றால் முடிந்தது. அரை நிமிடம் அப்படியே நின்றேன். "தெரிஞ்சுதான் சார்" என்றேன். குயின் போனது, ஆட்டமும் போனது, முதல் பரிசாக வாசலில் நிறுத்தி வைத்திருந்த சைக்கிளும் போனது.

வேண்டுமென்றா, இல்லையா? நீங்கள் கேட்கும் கேள்வியை எனக்கு முதலில் கேட்டவர் அந்த ஆர்பிட்டர்தான்.

கை தானாகப் போனதைப் பற்றி உங்கள் வீடியோவிலும் சொல்லியிருப்பார்கள். மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வு அது. மணிக்கட்டை அசைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தெரிவது, அசைவுக்கு ஏறக்குறைய 0.2 விநாடி முன்னால். மூளையில் அதற்கான மின் மாற்றமோ அசைவுக்கு ஏறக்குறைய அரை விநாடி முன்பே தொடங்கிவிடுகிறது. இதை வைத்து "நீ எதையும் முடிவு செய்வதில்லை" என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அந்த மின் மாற்றம் முடிவே அல்ல, மூளையில் எப்போதும் இருக்கும் இரைச்சல் மெல்லக் கூடிக்கொண்டு வருவதாக இருக்கலாம் என்று 2012இல் ஷுர்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டியது பலருக்குத் தெரியாது. அது எப்படியோ போகட்டும். காரணமே இல்லாமல் மணிக்கட்டை ஆட்டுவது வேறு, சைக்கிளைப் பார்த்துக்கொண்டே ஆர்பிட்டருக்குப் பதில் சொல்வது வேறு. லிபெட் அளந்தது என் நைட்டை. என் பதிலை அவர் அளக்கவில்லை.

சரி, அந்தப் பதில்? இந்த நொடியில் உலகத்தில் இருக்கும் எல்லாவற்றின் நிலையும் தெரிந்த ஒரு அறிவு இருந்தால், அடுத்து நடப்பது முழுக்க அதற்குத் தெரிந்திருக்கும் என்று 1814இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் எழுதினார். அந்த அறிவுக்கு நான் என்ன சொல்வேன் என்பது முன்பே தெரிந்திருக்கும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. லாப்லாஸ் எதற்கு, எங்கள் அப்பாவைத் தெரிந்த யாரும் சொல்லியிருப்பார்கள். அப்பா சிட்டி பஸ் கண்டக்டர். டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்த பாக்கியை வாங்காமல் யாராவது இறங்கிவிட்டால், மறுநாள் அதே ட்ரிப்பில் அந்த ஆளைத் தேடுவார். அவர் பிள்ளை வேறு என்ன சொல்வான்? அதே ஹால், அதே நான், ஆயிரம் முறை கேட்டாலும் "தெரிஞ்சுதான் சார்" என்றுதான் வரும். அதனால்தான் அதை என் பதில் என்கிறேன். 600 முறை உண்மை, 400 முறை பொய் என்று தாயம் உருட்டியதுபோல் வந்திருந்தால், அதில் நான் எங்கே இருக்கிறேன்? "குவாண்டம் அளவில், அதாவது அணுக்களின் உலகத்தில், எதுவும் நிச்சயம் இல்லை" என்று ஆறுதல் சொல்பவர்களிடம் எனக்கு இருக்கும் சண்டை இதுதான். செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராமான செஸ் எஞ்சினை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்து, ஒரே நிலையை, ஒரே ஆழத்துக்கு, ஒற்றை த்ரெட்டில் (கணக்கை ஒரே வரிசையாகப் போடும்படி) கொடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதே நகர்வைத்தான் சொல்லும். அதற்காக மற்ற நகர்வுகளைப் பார்த்துத் தள்ளாமலே சொன்னது என்று ஆகிவிடாது.

"மனிதன் எஞ்சினா?" என்று வருபவர்களுக்கு: இல்லை. "அப்படிப்பட்ட அப்பாவை நீயா தேர்ந்தெடுத்தாய்?" என்று வருபவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. "ஊழிற் பெருவலி யாவுள" என்று சொன்ன வள்ளுவரே, ஊழையும் புறமுதுகு காட்ட வைக்கலாம் என்று ஆள்வினையுடைமையில் முடிக்கிறார். அதை வைத்துப் பட்டிமன்றம் நடத்தாத தெரு இல்லை, நானும் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து என் மாடிக்கு வரும் பெற்றோர் சிலர் பிள்ளையோடு ஜாதகத்தையும் கொண்டுவருகிறார்கள். "கிராண்ட்மாஸ்டர் யோகம் இருக்கான்னு ஜோசியர்கிட்ட கேட்டுட்டோம் சார்" என்கிறார்கள். கேட்டாயிற்று இல்லையா, அப்புறம் ஃபீஸை மட்டும் ஏன் மூன்று மாதம் தள்ளித் தருகிறீர்கள்? போட்டி நடத்துபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். என்ட்ரி ஃபீஸ் வாங்கத் தெரிகிறது, கல்யாண மண்டபத்தில் நாலு ஃபேன் போடத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், ஜூனில் அப்படி ஒரு மண்டபத்தில் என் மாணவன், 11 வயது, ரூக்கைப் பிடித்துத் தூக்கியே விட்டான். ஆர்பிட்டர் கேட்டதும், "அட்ஜஸ்ட் பண்ணேன் சார்" என்றான், காயைக் கட்டத்தில் நேராக வைக்கத்தான் தொட்டேன் என்று அர்த்தம். தூரத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெயித்தான். வெளியே வந்ததும் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அவன் முன்பே தீர்மானமானவன் என்றால் திட்டுவது நியாயமா என்று கேட்பீர்கள். திட்டும் ஒரு காரணம்தானே, அடுத்த முறை அவன் அரை நிமிடம் நிற்பதற்கு அது உள்ளே போக வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உள்ளே போய் வேறு வேலை செய்தது. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

அவன் அம்மா ஒரே ஒருமுறை போனில் பேசினார். "அவங்க அப்பா குணம் சார், அப்படியே வந்திருக்கு. இவனைச் சொல்லி என்ன?"

என் அப்பாவை வைத்து நான் மேலே எழுதியதும் இதேதானே. எனக்கு அது பெருமை, அந்தப் பையனுக்கு அதுவே தண்டனை. இதை எப்படிச் சரிக்கட்டுவது என்று தெரியவில்லை. நேற்று அந்த வீட்டுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்று வகுப்பு முடிந்ததும் திரும்பச் செய்வேன்.