வாசகர் கேள்வி பதில்: ஆன்லைன் பாதி, வகுப்பறை பாதி

கேள்வி: பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்துகிறேன். அடுத்த செமஸ்டரில் வாரம் இரண்டு வகுப்பில் ஒன்றை ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். என் விரிவுரைகளை அப்படியே பதிவு செய்து போட்டுவிட்டால் போதுமா?

பதில்: போதாது. கேமராவை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுங்கள். இந்தப் பாடத்துக்கு ஒரு மாணவர் வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? ஆறு என்றால் வகுப்பு, வீடியோ, வாசிப்பு, அசைன்மென்ட் எல்லாமே அந்த ஆறுக்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்குகிறவர்கள் பழைய பாடத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்காமல் அதன் தலையில் வீடியோ, க்விஸ், விவாதம் என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். 'ஒன்றரைப் பாடம்' என்று இதற்குப் பேரே இருக்கிறது. பாவம், அந்த அரைப் பாடத்தையும் சேர்த்துச் சுமப்பது மாணவர்தான்.

அப்புறம், எதை எங்கே வைப்பது என்று பாருங்கள். நிறுத்தி நிறுத்தி, இரண்டு தடவை பார்த்துத் தானாகவே புரிந்துகொள்ளக்கூடியது ஆன்லைனுக்குப் போகட்டும். சராசரிக்கான சூத்திரம் அப்படிப்பட்டது. மாணவர்கள் தடுக்கி விழுகிற இடம் வகுப்புக்கு. உதாரணமாக, வீடியோ முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பத்துப் பேரின் சராசரி மதிப்பெண் 50. அப்படியானால் பாதிப் பேராவது 50-க்கு மேல் வாங்கியிருப்பார்களா?" நிறையப் பேர் 'ஆமாம்' என்பார்கள். மறுநாள் வகுப்பை அந்த விடையிலிருந்தே தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். ஒன்பது பேர் 45, ஒருவர் 95 வாங்கினாலும் சராசரி 50தான் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார், அதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990-களிலிருந்து பரப்பிய முறை ஏறக்குறைய இதுதான்.

வீடியோவைச் சின்னதாக வையுங்கள். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. கூடவே பேச்சின் எழுத்து வடிவத்தையும் போட்டுவிடுங்கள், நெட் சரியாகக் கிடைக்காதவருக்கு அதுதான் கை கொடுக்கும்.

கேள்வி: நேரடி வகுப்பைவிட இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறதா?

பதில்: அமெரிக்கக் கல்வித் துறை பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்ட அறிக்கையில், இரண்டும் கலந்து படித்தவர்கள் நேரடியாக மட்டும் படித்தவர்களைவிடச் சற்று முன்னால் இருந்தார்கள். ஆனால் கலந்து படித்தவர்களுக்குப் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்தன என்பதையும் அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே திரை வந்ததால் மட்டுமே கற்றல் கூடிவிடும் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: பாதிப் பேர் வீடியோ பார்க்காமலே வருகிறார்கள். வகுப்பில் மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கிறது. என்ன செய்ய?

பதில்: தயவுசெய்து மறுபடி நடத்தாதீர்கள். இரண்டு வாரம் நடத்தினால் போதும், பார்த்துவிட்டு வந்தவர்களும் நிறுத்திவிடுவார்கள். வகுப்புக்கு முந்தின இரவு முடிகிற மாதிரி மூன்று கேள்விகள் வையுங்கள், விடை தப்பானாலும் முயற்சிக்கு ஒரு மதிப்பெண் உண்டு என்று சொல்லிவிடுங்கள். அதில் கடைசிக் கேள்வி 'எந்த இடம் புரியவில்லை?' என்பதாக இருக்கட்டும். காலையில் அந்தப் பதில்களைப் படித்துவிட்டு இரண்டை அவர்கள் எழுதிய வார்த்தையிலேயே, பேர் போடாமல், திரையில் காட்டி வகுப்பைத் தொடங்குங்கள். தான் எழுதியதை ஆசிரியர் படித்திருக்கிறார் என்று ஒரு மாணவருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் அவர் பார்த்துவிட்டுத்தான் வருவார்.