அக்கசாலைப் பிழையா, யாரோ கை வைத்ததா?

கோடை சீசன் முடிந்தாலே நீலகிரியிலிருந்து பழைய காசு பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த வாரம் முழுக்க அவைதான். இடம் போதாததால் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் நடைபாதையில் ஒருவர் 'எர்ரர் காயின்' என்று ஒரு காலணாவை 6,000 ரூபாய்க்குக் கொடுத்தார். 1930ஆம் வருடக் காசு. ஒரு பக்கம் மன்னர் தலை இருக்கிறது. மறுபக்கம் எழுத்துகள் பள்ளமாக, இடவலம் மாறி இருக்கின்றன. அதற்கு அடியில் நேரான எழுத்தும் மங்கலாகத் தெரிகிறது. அரிய காசுதானே? (வாசகர், லவ்டேல்)

பதில்: இல்லை. இது பட்டறையில் செய்த காசு.

காசு அடிக்கும் இடமான அக்கசாலையில் நடப்பதைச் சொல்கிறேன். வில்லை எனப்படும் வெறும் உலோகத் தட்டு இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வந்து உட்காரும். ஒரே அடியில் இரண்டு பக்கமும் பதிந்துவிடும். சில சமயம் அடித்த காசு வெளியே விழாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வரும்போது ஒரு பக்கம் எதிர் அச்சு வழக்கம்போலப் பதியும். மறுபக்கம் அந்த ஒட்டிய காசு பதியும். ஒட்டிய காசின் வெளியே தெரியும் முகமும் அதே எதிர் அச்சு அடித்ததுதான். அதனால் உண்மையான பிழைக் காசில் இரண்டு பக்கமும் ஒரே உருவம் இருக்கும். ஒரு பக்கம் தலை மேடாக இருந்தால், மறுபக்கம் அதே தலை பள்ளமாகவும் இடவலம் மாறியும் இருக்க வேண்டும். உங்கள் காசில் தலைக்குப் பின்னால் எழுத்துப் பக்கம் அல்லவா பள்ளமாகப் பதிந்திருக்கிறது? அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது.

அடியில் தெரியும் மங்கலான எழுத்து இரண்டாவது சாட்சி. இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் வைத்து இறுக்கினால் ஒன்றின் எழுத்து மற்றொன்றில் பள்ளமாக இறங்கும்; பழைய எழுத்து முழுதாக அழியாது. மன்னரின் கன்னத்தையும் கிரீடத்தையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வைஸின் தாடை அழுத்திய இடம் தட்டையாகியிருக்கும். எடை போட்டுப் பயனில்லை, நசுக்கினால் எடை குறையாது.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். நசுங்கியது, அராவியது, தண்டவாளத்தில் வைத்தது, அமிலத்தில் போட்டது எல்லாவற்றையும் எர்ரர் என்று விற்கிறார்கள். யூடியூபில் அதற்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வாங்குகிறவர்களும் "என்ன விலை போகும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வில்லைக்கும் அச்சுக்கும் நடுவில் இந்தக் கோளாறு எப்படி நடந்திருக்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள். அவரால் விளக்க முடியாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 1944ஆம் வருடக் காசு, நடுவில் துளை. யாராவது துளைத்திருப்பார்களா? (வாசகர், குன்னூர்)

பதில்: ஓட்டைக் காலணா. 1943 முதல் 1947 வரை அப்படியேதான் அடித்தார்கள்.

கேள்வி: அம்மாவின் காசுமாலையில் விக்டோரியா, எட்வர்டு கால வெள்ளி ரூபாய்கள் 20 இருந்தன. வீடு தேடி வந்த ஒருவர், "வளையம் பற்றவைத்த காசு, மதிப்பே கிடையாது" என்று ஒன்றுக்கு 100 ரூபாய் கொடுத்து எடுத்துப் போய்விட்டார். சரிதானா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: சரியில்லை அம்மா. உங்களை ஏமாற்றிவிட்டார். அவர் பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைத்திருக்கிறார். வளையத்துக்காகப் பொடி வைத்துப் பற்றவைத்த காசு, அக்கசாலையை விட்டு வந்த பிறகு கைபட்ட காசுதான். சேகரிப்பவர்கள் முழு விலை தரமாட்டார்கள். ஆனால் வெள்ளி எங்கே போகும்? அந்தக் கால ரூபாய் ஒன்று 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. இருபது காசில் தேய்மானம் போகவும் சுமார் 200 கிராம் சுத்த வெள்ளி இருந்திருக்கும். அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கிப் பாருங்கள். ஆள் யாரென்று தெரிந்தால் தயங்காமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் இன்னும் காசு இருந்தால் பற்றவைத்த தடத்தை அராவ வேண்டாம். அராவினால் வெள்ளியும் போகும், தடமும் மறையாது.

கேள்வி: ஒரு ரூபாய்க் காசின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைகிறது. வெட்டியதா, பிழையா? (மாணவர், கூடலூர்)

பதில்: நல்ல கேள்வி. வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். வில்லையே குறைபட்டு வந்திருந்தால், விளிம்பைத் திரட்டும்போது எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறையும். அங்கே விளிம்பு மெலிந்தோ மங்கியோ இருக்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் அந்தப் பக்கமாகச் சற்று இழுபட்டிருக்கும். எதிர் விளிம்பு முழுதாக இருந்து, எழுத்து கத்தரித்ததுபோல் சட்டென்று நின்றால் பின்னால் வெட்டியது.

கேள்வி: 1939ஆம் வருட வெள்ளி ரூபாய், கடையில் 18,000. எடை போடவில்லை, லென்ஸில் பார்க்கவில்லை, நம்பி வாங்கினேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. (வாசகர், ஊட்டி)

பதில்: சந்தேகம் பணம் கொடுப்பதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். 1939 ரூபாய் மிக அரிது. அதனாலேயே 1938இன் கடைசி எட்டை ஒன்பதாகச் செதுக்கி விற்கிறார்கள். 18,000 கையில் வைத்திருப்பவர் சில நூறு ரூபாய் லென்ஸ் வாங்காமல் போகலாமா? பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் கடைசி எண்ணைப் பாருங்கள். அதைச் சுற்றி மட்டும் கீறலோ பளபளப்போ பள்ளமோ இருந்தால் கை வைத்த காசு. பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். வாங்கி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் தரலாம். பில் இல்லையென்றால் வழக்கு கடினம்.

கேள்வி: இரண்டு பக்கமும் தலை உள்ள ரூபாய், 800க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், வெலிங்டன்)

பதில்: வேண்டாம். ஒரு காசின் உள்ளைக் குடைந்து, இன்னொன்றை இழைத்து அதில் பொருத்துவார்கள். நானும் மேட்டுப்பாளையத்தில் அப்படி ஒன்று வாங்கியிருக்கிறேன். மூட்டு விளிம்பின் உள்பக்கத்தை ஒட்டி ஒளிந்திருந்தது. கல் தரையில் போட்டபோது எழுந்த மந்தமான ஓசைதான் காட்டிக்கொடுத்தது.

கேள்வி: வைஷ்ணோதேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு 10 லட்சம் என்றார்கள். 'பதிவுக் கட்டணம்' 2,500 கட்டினேன். இப்போது ஜிஎஸ்டி கேட்கிறார்கள். (வாசகி, குன்னூர்)

பதில்: இனி ஒரு பைசா கட்டாதீர்கள். உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். 2012இல் வந்த புழக்கக் காசு அது. பழைய காசு வாங்கவும் விற்கவும் கட்டணம் கேட்டுத் தன் பெயரில் நடக்கும் மோசடியை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

கேள்வி: கறுத்த வெள்ளிக் காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: கூடாது. அந்தக் கறுப்பு காசுக்குக் கெடுதல் இல்லை. தேய்த்த கீறல் போகவே போகாது. தேய்த்த காசில் பிழை எது, கைவேலை எது என்று பிரித்துச் சொல்வதும் கடினம். மலை ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பா போதும். வளவளப்பான பிவிசி உறையில் மட்டும் வைக்காதீர்கள், பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரித்துவிடும்.