குச்சி ஏன் நடந்தது? நீர்ப்பூச்சிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கே: வால்பாறைப் பக்கம் ஓர் ஓடையில் சின்னக் குச்சி ஒன்று தானாக நகர்ந்து போனது. கையில் எடுத்தால் உள்ளே புழு! என்ன அது?

ப: கேடிஸ் ஈ (caddisfly) என்ற பூச்சியின் புழு. வாயருகே சுரக்கும் பட்டு நூல் தண்ணீருக்குள்ளேயே ஒட்டும். அதை வைத்து மணல், குச்சி, இலைத்துண்டு என்று தன் இனத்துக்குப் பழகிய பொருளை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். தலையும் ஆறு கால்களும்தான் வெளியே. ஆபத்து என்றால் அவையும் உள்ளே போய்விடும். வால் நுனியில் இரண்டு கொக்கிகள் உண்டு; கூட்டைப் பிடித்துக்கொண்டால் லேசில் வெளியே இழுக்க முடியாது. சரி, மூச்சு? உடலை அலை அலையாக அசைத்துக் கூட்டுக்குள் புதுத் தண்ணீரை ஓடவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, நம் மலை ஓடைகளிலும் இருக்கும் ஒரு வகை. இலையில் நீள்வட்டமாக இரண்டு துண்டு வெட்டி, பெரியது மேலே, சிறியது கீழே என ஒட்டி நடுவில் படுத்துக்கொள்ளும். உதிர்ந்த இலைகளுக்கு நடுவே கிடந்தால், அது நகரும்வரை கண்ணுக்குத் தெரியாது. மணலால் நத்தை ஓடு போலவே சுருள் கட்டும் வகையும் உண்டு. 1834-இல் ஐசக் லீ என்ற அமெரிக்க அறிஞர் அந்தக் கூட்டை நத்தை என்றே நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்.

கே: தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்ததுமே கொசுப்புழுக்கள் அடியில் போய்விடுகின்றன. நம்மைப் பார்க்கின்றனவா?

ப: உங்கள் நிழலை உணர்கின்றன. மேலே நிழல் விழுந்தால் குட்டிக்கரணம் போட்டுக் கீழே இறங்கிவிடும். ஆனால் பெரும்பாலான வகைகள் வால்பக்கக் குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டித்தான் மூச்சு விட வேண்டும். அதனால் மேலே வந்தே தீரும். டிரம்மில் புழு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள். எட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று மூடுவதால்தான் பல வீடுகளில் தப்பிவிடுகின்றன.

கே: குளத்தில் பிடித்த ஊசித்தட்டான் குஞ்சுக்கு வாலில் இலை போன்ற தகடு இரண்டுதான் இருக்கிறது. ஊனமா?

ப: இல்லை. மூன்று இருந்திருக்கும், எதிரி ஒன்றைக் கவ்வியதும் பல்லி வால் மாதிரி கழற்றிவிட்டுத் தப்பியிருக்கும். அடுத்தடுத்த தோலுரிப்புகளில் திரும்ப வளரும், கொஞ்சம் சிறிதாக. அதுவரை நீச்சலில் வேகம் குறையும். பெரிய தட்டானின் குஞ்சுக்கு இந்த வால் இலைகளே கிடையாது. மலக்குடலுக்குள் இழுத்த தண்ணீரைப் பின்பக்கமாகப் பீய்ச்சி, ராக்கெட் போல முன்னே பாயும்.

கே: அருவிப் பாறையில் அப்பியிருக்கும் கறுப்புப் புழுக்களை ஏன் தண்ணீர் அடித்துப் போவதில்லை?

ப: அவை பெரும்பாலும் கருப்பு ஈயின் புழுக்கள். பாறையில் பட்டு மெத்தை பூசி, வால்பக்கக் கொக்கிகளை அதில் மாட்டிக்கொள்ளும். எதிரி தொட்டால் பிடியை விட்டு, பட்டு நூலில் தொங்கியபடி ஓட்டத்தோடு போய், அப்புறம் அதே நூலைப் பிடித்து ஏறி வரும்.

கே: பிள்ளைகளுக்குக் காட்ட ஓடைக் கல்லைப் புரட்டலாமா?

ப: தாராளமாக. கல்லைத் தண்ணீரை விட்டு எடுக்காமல் மெதுவாகச் சாய்த்துக் காட்டுங்கள். பார்த்ததும் அதே பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிடுங்கள். புரட்டியபடியே விட்டால் அடியில் ஒளிந்திருந்தவை மீன் கண்ணில் படும். கூட்டை மட்டும் பிய்க்க வேண்டாம். புதிதாகக் கட்டி முடிக்கும்வரை அந்தப் புழு அம்மணமாகக் கிடக்கும்.