டிஸ்ட்ரிபியூட்டட் ஃபைல் சிஸ்டத்தில் ஹார்ட் லிங்க் சேர்க்கலாமா?

சொந்தமாக எழுதிவரும் டிஸ்ட்ரிபியூட்டட் ஃபைல் சிஸ்டத்தில் (பல சர்வர்களில் பரவியிருக்கும் ஃபைல் சேமிப்பு) ஹார்ட் லிங்க், அதாவது ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர், வேண்டும் என்று பயனர்கள் நச்சரிப்பதாகச் சொல்கிறீர்கள். நானாக இருந்தால் ‘எதற்கு?’ என்று முதலில் அவர்களைக் கேட்பேன். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது லிங்க் அல்ல. இடத்தை அடைக்காத ஒரு காப்பி.

ஒரே டிஸ்க்கில் ஹார்ட் லிங்க் சின்ன வேலை. டைரக்டரியில் பெயரும் ஐநோட் எண்ணும்தான் இருக்கும். ஐநோட் என்பது ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு. அதில் லிங்க் கவுண்ட், அதாவது ஃபைலுக்கு எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கை. அது பூஜ்யமானால் டேட்டா அழிக்கப்படும். பல சர்வர் என்று வந்ததும் அந்தக் கவுண்ட்தான் வில்லங்கம். ஒரு பெயர் ஒரு சர்வரிலும் ஐநோட் வேறொன்றிலும் இருந்தால், ஒவ்வொரு அழிப்பும் இரண்டு சர்வர்களும் சேர்ந்து முழுதாக முடிக்கவேண்டிய வேலை, ஒரு டிரான்சாக்‌ஷன். நடுவில் ஒன்று விழுந்து கவுண்ட் கூடுதலாக நின்றுவிட்டால் இடம் வீண், அவ்வளவுதான். குறைந்துவிட்டாலோ, உயிரோடு இருக்கும் ஃபைலின் டேட்டாவே போய்விடும்.

செஃப் எஃப்எஸ் என்ற டிஸ்ட்ரிபியூட்டட் ஃபைல் சிஸ்டம் ஐநோடை டைரக்டரிப் பதிவோடேயே வைக்கிறது. டைரக்டரியைப் படித்தால் எல்லாம் ஒரே வீச்சில் கிடைக்கும், நல்ல டிசைன். ஆனால் ஹார்ட் லிங்க் இருந்தால் ஒரு பெயருக்குத்தான் ஐநோட் சொந்தம், மற்றவை வெறும் சுட்டிகள். அந்த முதல் பெயரை அழித்தால் ஐநோடை ‘ஸ்ட்ரே’ (பெயரிழந்த ஐநோடுகளுக்கான) டைரக்டரிக்கு நகர்த்தி, அப்புறம் மிச்சமுள்ள இன்னொரு பெயரின்கீழ் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏஎஃப்எஸ் என்ற பழைய நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் அனுமதிகள் டைரக்டரிக்குத்தான். ஒரு ஃபைல் இரண்டு டைரக்டரியில் இருந்தால் யாருடைய அனுமதி செல்லும்? அந்தப் பஞ்சாயத்தே வேண்டாம் என்று, ஒரே டைரக்டரிக்குள் மட்டும் லிங்க் போடலாம் என்று வைத்துவிட்டார்கள். வெளியே போட்டால் ‘கிராஸ்-டிவைஸ் லிங்க்’ எரர்தான்.

ஹடூப்பின் ஃபைல் சிஸ்டமான ஹெச்டிஎஃப்எஸ்ஸில் 2012-இல் இந்தப் பேச்சு எழுந்தது, அம்சம் வரவில்லை. அங்கே ஒரு நேம்ஸ்பேஸின் மெட்டாடேட்டா (ஃபைல் பெயர்கள், விவரங்கள்) முழுவதும் நேம்நோட் என்ற ஒரே சர்வரின் மெமரியில் இருப்பதால் டிரான்சாக்‌ஷன் தொல்லை இல்லை. சிக்கல் கோட்டாவில், அதாவது எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்ற வரம்பில். கோட்டா டைரக்டரிக்கு டைரக்டரி. பகிர்ந்த ஃபைலை இருவர் கணக்கிலும் எழுதினால் கூட்டுத்தொகை பொய்யாகும். முதல் ஆள் கணக்கில் மட்டும் எழுதினால், அவர் அழித்த நொடியில் எதுவுமே செய்யாத இன்னொருவரின் கோட்டா நிரம்பி வழியும். ஹெச்டிஎஃப்எஸ்ஸின் மேல் ஓடும் டேட்டாபேஸான ஹெச்பேஸ், ஸ்னாப்ஷாட்டுக்காக (ஒரு கணத்து நிலையின் பதிவு) ஹெச்ஃபைல்லிங்க் என்று தனக்குத்தானே ஒன்றைக் கட்டிக்கொண்டது: ஃபைல் பழைய இடத்தில் இல்லாவிட்டால் ஆர்க்கைவ் டைரக்டரியில் போய்த் தேடும்.

ஆகவே என் வோட்டு ஸ்னாப்ஷாட்டுக்கும், டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளும் காப்பியான குளோனுக்கும்தான். அவற்றிலும் ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) உண்டு, ஆனால் அது பிளாக் மட்டத்தில், பயனர் கண்ணில் படாமல் இருக்கும். கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாலும் யாருக்கும் தெரியாது. சாவகாசமாகப் பெருக்கித் தள்ளலாம். லிங்க் கவுண்டோ பயனர் ‘எல்எஸ் -எல்’ கட்டளை போட்டாலே தெரியும். இன்னொன்று, குளோனில் ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது. பேக்கப்புக்கு என்று ஹார்ட் லிங்க் கேட்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

பாசிக்ஸ் மவுண்ட் (சாதாரண யூனிக்ஸ் டிஸ்க் போலவே பயன்படுத்தும் வசதி) தருகிறீர்கள், மேலே ஹார்ட் லிங்க் போட்டு பேக்கப் எடுக்கும் ஆர்ஸ்னாப்ஷாட்டோ, லிங்க் போட்டுப் பூட்டுப் பிடிக்கும் பழைய மெயில் புரோகிராமோ ஓடுகிறது என்றால் வேறு வழியில்லை, சேர்த்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒரே வால்யூமுக்குள் மட்டும் அனுமதியுங்கள். லஸ்டர் ஃபைல் சிஸ்டம் செய்வதுபோல, அந்த ஃபைலின் பெயர்களும் தாய் டைரக்டரிகளும் எவை என்பதை ஐநோடிலேயே எழுதிவையுங்கள். பிற்பாடு சேர்ப்பதென்றால் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு ஐநோடையும் திரும்ப எழுத வேண்டிவரும்.